ராமேசுவரம் தீவில் காற்று பார்த்துக் கடலில் இறங்க: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கைட் சர்ஃபிங் (பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் கடலில் சறுக்குவது), கயாக் (ஒடுங்கிய சிறு துடுப்புப் படகு), துடுப்புப் பலகை என்று ஏதோ ஒன்றைப் பழகிக்கொள்ள ராமேசுவரம் தீவுக்கு வருகிறீர்கள். தங்க இடம் பிடிப்பது சுலபம், சாப்பாட்டுக்கும் குறையில்லை. ஆனால் "நாளைக்குக் காற்று எப்படி இருக்கும்?" என்று கேட்டால் ஒரே இடத்தில் பதில் கிடைக்காது. கொஞ்சம் போனில் இருக்கும் செயலியில் இருக்கிறது, கொஞ்சம் அரசு அறிவிப்பில் இருக்கிறது, மிச்சம் கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் இருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்க எனக்கு நிறைய நாள் பிடித்தது. அலைச்சலும் பணமும் அதில் போயின. உங்களுக்கு அது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். செயலியில் தெரியும் காற்று உங்கள் கரைக்கென்று கணக்கிட்டது இல்லை. பல கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்துக்குப் போட்ட கணக்கு அது. அதை உங்கள் கரைக்குப் பொருத்திக்கொள்ளும் வேலை உங்களுடையது. கீழே வருவதெல்லாம் அந்த வேலைதான்.

1. உங்கள் கரை எந்தத் திசையைப் பார்க்கிறது?

எந்தக் கணிப்பைத் திறப்பதற்கும் முன்னால் இதற்கு விடை வேண்டும். தீவின் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூரில் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். தனுஷ்கோடிப் பக்கம் போனால் நிலம் ஒடுங்கி, சாலையில் நின்றபடியே இரண்டு கடலையும் பார்க்கலாம். ஒரு பக்கம் அலை அறைந்துகொண்டிருக்கும், மறுபக்கம் தண்ணீர் அசையாமல் கிடக்கும்.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஜூன், ஜூலையில் தென்மேற்கிலிருந்து காற்று பலமாக அடிக்கும். தெற்குக் கரை கொந்தளிக்கும், வடக்குக் கரை கண்ணாடிபோல் இருக்கும். "அங்கே அலையே இல்லை, அங்கேயே பழகலாம்" என்று கயாக்கைத் தூக்கிக்கொண்டு வடக்கே போகத் தோன்றும். அங்கே அலை இல்லாததற்குக் காரணம், காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதுதான். கரையையொட்டி மரமும் மேடும் காற்றை மறைத்து நிற்கும். சில நூறு மீட்டர் தள்ளிப் போனதும் அந்த மறைப்பு தீர்ந்து முழு வேகமும் முதுகில் விழும். அதன் பிறகு திரும்பி வர, காற்றுக்கு எதிரே துடுப்புப் போட்டாக வேண்டும். கை ஓய்ந்துவிட்டால் காற்று உங்களை வடகிழக்கே, சர்வதேச எல்லைக்கோட்டுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும்.

வடகிழக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில், அதாவது ஏறக்குறைய நவம்பர் முதல் பிப்ரவரி வரை, இது அப்படியே தலைகீழ். வடக்கே கொந்தளிப்பு, தெற்கே அமைதி. அந்த நாட்களில் தெற்குக் கரைதான் ஆபத்து.

அதனால் ஒரு காகிதத்தில் உங்கள் கரையை ஒரு கோடாக வரைந்து, கடல் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து நேராகக் கரைக்கு வரும் காற்று, பக்கவாட்டில் வரும் காற்று, கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தெந்தத் திசைக் காற்று என்று எழுதுங்கள். பழகுகிறவர்களுக்கு ஏற்றது பக்கவாட்டில் வந்து சற்றே கரைப் பக்கம் சாய்ந்த காற்று. மூன்றாவது வகையைச் சிவப்பில் எழுதுங்கள். அந்தக் காற்று வீசும் நாளில், மீட்புப் படகு கூடவே வராமல் இறங்கக் கூடாது.

2. மாதத்தைப் பார்த்துப் பயணத்தைப் போடுங்கள்

இங்கே பலமான காற்றுக் காலம் இரண்டு. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. கரையில் கச்சான் என்பார்கள், சோழகம் என்றும் சொல்வார்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே உள்ள இடுக்கில் காற்று நெருக்கப்பட்டுப் பாய்வதால், சுற்றுப்புறத்தைவிட இங்கே வேகம் கூடுதல். இரண்டாவது வாடை. நவம்பர், டிசம்பரில் மழையும் தாழ்வு மண்டலமும் குறுக்கிடும். ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிந்து காற்று ஒரே சீராக நிற்கும்.

இடையில் ஏப்ரலும் அக்டோபரும் மாறும் காலம். காலையில் காற்றே இருக்காது, பகல் ஏறியதும் கடற்காற்று கொஞ்சம் எழும், மாலையில் இடிமழை வரலாம். கயாக் பழக ஏப்ரல் காலைகள் அருமையானவை. கைட் சர்ஃபிங்குக்கு வந்தால் கடற்கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பணம் கட்டும்போது கவனமாக இருங்கள். எனக்குப் பயிற்சி ஏற்பாடு செய்து தந்த ஒருவர், காற்று அடங்கும் வாரங்களுக்கே முழுப் பணத்தையும் முன்கூட்டி வாங்கிக்கொண்டார். காற்று வரவில்லை, பணமும் திரும்பவில்லை. நீங்கள் பணம் அனுப்புவதற்கு முன்னால் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். காற்று இல்லாத நாளுக்குக் கட்டணம் உண்டா? அந்த நாள் வேறு நாளுக்கு மாறுமா, பணமாகத் திரும்புமா? வானிலை எச்சரிக்கையால் ரத்தானால் என்ன செய்வீர்கள்? வாட்ஸ்அப்பில் வந்த பதிலே போதும்.

பழைய காற்று நிலவரத்தைத் தோண்டிப் பார்க்கும் ஆர்வம் இருந்தால் இரண்டு வழி உண்டு. பாம்பனில் வானிலை ஆய்வுத் துறையின் நிலையம் இருக்கிறது. அதன் பழைய பதிவுகளுக்குப் புனேயில் உள்ள அலுவலகத்தின் இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். தேவையைச் சொல்லிக் கட்டணம் கட்ட வேண்டும், உடனே கைக்கு வராது. அவ்வளவு பொறுமை இல்லை என்றால் ஐரோப்பிய கோப்பர்நிக்கஸ் அமைப்பின் இஆர்ஏ-5 தொகுப்பு இலவசம், 1940 முதல் மணிவாரியாக இருக்கிறது. அதன் கட்டம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம். எந்த மாதம் எந்தத் திசை என்று பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

3. காகிதங்களைத் தயார் செய்யுங்கள்

இது எல்லையோரக் கடல். கரையில் கடலோரக் காவல் போலீசார் எந்த நேரமும் விசாரிக்கலாம், விசாரிப்பது அவர்கள் வேலை. ஆதாரோ வேறு புகைப்பட அடையாள அட்டையோ அசலாகக் கையில் இருக்கட்டும். போனில் உள்ள படத்தை நம்பாதீர்கள், ஈரக் கையும் வெயிலுமாகப் போன் அணைந்துபோகும் இடம் இது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினர் கூட வந்தால் பாஸ்போர்ட், விசா நகல்கள் வேண்டும். வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை விடுதிக்காரர் அரசுக்குப் பதிவு செய்தாக வேண்டும். அதைச் செய்துவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

18 வயது ஆகாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் எடுத்து வாருங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு எதுவும் இருந்தால் மருத்துவர் கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளரிடம் அவருடைய சான்றிதழைக் கேட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள். நல்ல பயிற்சியாளர் முகம் சுளிக்க மாட்டார். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதில் நீர் விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் விலக்குப் பட்டியலில்தான் அது இருக்கும்.

அப்புறம் வனத்துறை. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கும். குருசடை போன்ற தீவுகள் கரையிலிருந்து பக்கமாகத் தெரியும். அனுமதி இல்லாமல் அங்கே போய் இறங்கினால் வழக்கு. தனுஷ்கோடியில் 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. எந்த இடத்தில் பட்டம் ஏற்றலாம், எங்கே கூடாது என்பதை வனத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு இறங்குங்கள். பறவைகள் கூட்டமாக இரை தேடும் நீர்ப்பரப்பு எதுவானாலும், யாரும் தடுக்காவிட்டாலும், அங்கே ஏற்ற வேண்டாம்.

சாட்டிலைட் போனை உரிய அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர் பாதுகாப்புக்கு என்று நினைத்து எடுத்து வந்துவிடுவார், முன்பே சொல்லி வையுங்கள். டிரோனுக்கும் இங்கே கெடுபிடி அதிகம்.

4. செயலியைச் சரியாக அமையுங்கள்

விண்டி, விண்ட்குரு என்ற காற்றுக் கணிப்புச் செயலிகள் இரண்டையும் இலவசமாகவே பார்க்கலாம். முதல் பருவத்துக்குக் கட்டணப் பதிப்பு தேவையில்லை. ஆனால் திறந்தவுடன் தெரியும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் அலகு. அரசு அறிவிப்புகள் கிலோமீட்டரில் வரும், கைட் பழக்குகிறவர்கள் 'நாட்' என்ற கடல் வேக அலகில் பேசுவார்கள், சில தளங்கள் நொடிக்கு மீட்டரில் காட்டும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 15 நாட் என்றால் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர், நொடிக்கு 7.7 மீட்டர். செயலியில் 15 என்று பார்த்துவிட்டு அது எந்த அலகு என்று பார்க்காமல் போனால், மென்காற்று என்று நினைத்துப் புயற்காற்றுக்குப் போய் நிற்பீர்கள். நொடிக்கு 15 மீட்டர் என்பது 29 நாட். அமைப்புகளுக்குள் போய் எல்லாச் செயலியையும் ஒரே அலகுக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது நேரம். சில தளங்கள் உலகப் பொது நேரத்தில் காட்டும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. காலை 6 மணி என்று போட்டிருப்பது நமக்கு முற்பகல் 11.30.

மூன்றாவது திசை. காற்றை அது வரும் திசையை வைத்துச் சொல்வார்கள். 225 பாகை என்றால் தென்மேற்கிலிருந்து வருகிறது. ஆனால் படத்தில் அம்புக்குறி காற்று போகும் பக்கத்தைக் காட்டும். முதல் பகுதியில் வரைந்த காகிதத்தை இங்கே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஊசியைக் குத்தும் இடம். "ராமேசுவரம்" என்று தேடினால் ஊருக்குள் போய் நிற்கும். ஊசியை எடுத்து நீங்கள் இறங்கப்போகும் கடற்பரப்பில் குத்துங்கள். செயலிகள் காட்டும் கணினிக் கணக்குகளில், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் சுமார் 13 கிலோமீட்டர் கட்டத்திலும், ஐரோப்பாவின் ஈசிஎம்டபிள்யூஎஃப் சுமார் 9 கிலோமீட்டர் கட்டத்திலும் ஓடுகின்றன. தனுஷ்கோடி நிலத்துண்டின் அகலம் அதில் ஒரு கட்டத்துக்குள் பல முறை அடங்கிவிடும். அந்தக் கணக்குக்கு அங்கே நிலம் இருப்பதே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகரையிலும் தென்கரையிலும் செயலி ஒரே எண்ணைக் காட்டுவது இதனால்தான்.

கடைசியாக, சராசரி வேகத்தையும் வீச்சையும் (இடையிடையே திடீரென்று எகிறும் வேகம்) சேர்த்தே பாருங்கள். 14 நாட் சராசரி, 17 நாட் வீச்சு என்றால் சீரான காற்று. 14 நாட் சராசரி, 26 நாட் வீச்சு என்றால் அது வேறு நாள். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. புதியவர்கள் முதல் எண்ணை மட்டும் பார்ப்பார்கள், கையை உடைப்பது இரண்டாவது எண்.

5. எப்போது பார்ப்பது?

ஜிஎஃப்எஸ் கணக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது. நம் நேரப்படி அதிகாலை 5.30, முற்பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30 நிலவரங்களை வைத்து ஓடும். முடிவு வெளியே வரச் சில மணி நேரம் ஆகும், ஐரோப்பியக் கணக்கு அதைவிடத் தாமதமாக வரும். ஆகவே விடிகாலையில் எழுந்து நீங்கள் பார்ப்பது முந்தைய நாள் நிலவரத்தை வைத்துப் போட்டது. அரை மணிக்கொரு முறை செயலியைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை.

ஐந்து நாள் முன்னால் பார்ப்பது, வரலாமா வேண்டாமா என்று முடிவு செய்யப் போதும், எண்ணை நம்பக் கூடாது. இரண்டு நாள் முன்னால் இரண்டு கணக்குகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம். திசையிலேயே வேறுபட்டால் அந்த நாளைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். முந்தைய இரவு ஒரு முறை, காலையில் இறங்குவதற்கு முன் ஒரு முறை.

இரவு பார்த்ததே போதும் என்று காலைப் பார்வையை விட்டுவிடாதீர்கள். 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே ஒக்கி புயலாகிவிட்டது. அதற்குள் குமரி மாவட்ட மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். கடலை நன்றாக அறிந்தவர்களுக்கே அவகாசம் கிடைக்கவில்லை.

6. அரசு அறிவிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில் தினமும் தமிழில் செய்திக்குறிப்பு வரும். அதன் கடைசியில் மீனவர்களுக்கான எச்சரிக்கை இருக்கும். பலரும் மழைச் செய்தியோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் கடைசியிலிருந்து படியுங்கள். "மன்னார் வளைகுடா, தென்தமிழகக் கடலோரப் பகுதிகள்" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். "சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்" என்று இருந்தால், அது நாட் கணக்கில் 24 முதல் 30, வீச்சு 35. பழகுகிறவர்களுக்கு அன்றைய கதை அதோடு முடிந்தது. செயலி என்ன காட்டினாலும் சரி.

அலைக்கு ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற அரசுக் கடல் தகவல் மையத்தின் கணிப்பைப் பாருங்கள். சமுத்ரா என்ற அவர்களுடைய செயலி இலவசம். அதில் சொல்லும் அலை உயரம், உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. இரண்டு மீட்டர் என்று போட்டிருந்தால், தனி அலை ஒன்று அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குக்கும் எழலாம்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டையும் கவனியுங்கள். "ஒன்றாம் எண்தானே" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இரண்டும் தொலைவில் உருவாகியிருப்பதைச் சொல்பவை, மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே வரும் மோசமான வானிலை பற்றியவை. ஐந்திலிருந்து அபாயம். ஒன்று ஏற்றிய அன்றே உங்கள் ரயில் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விட மாட்டார்கள். அவசரமாக ஊர் திரும்ப வேண்டியவர்கள் காத்திருக்காமல் முன்பே சாலை வழியாகக் கிளம்பிவிடுவது நல்லது.

உள்ளூரில் இன்னொரு நம்பகமான அறிகுறி, மீன்வளத் துறை விசைப்படகுகளுக்குக் கொடுக்கும் அனுமதி டோக்கன். எச்சரிக்கை நாளில் டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். டீக்கடையில் "இன்னைக்கு டோக்கன் கொடுக்கறாங்களா?" என்று கேட்டால் போதும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது இந்த அறிகுறி கிடைக்காது, கடலில் உங்களைக் கண்டு உதவக்கூடிய விசைப்படகுகளும் இருக்காது. அந்த நாட்களில் கரையை விட்டு இன்னும் குறைவாகவே விலகுங்கள்.

7. கரையில் நின்று சரிபாருங்கள்

செயலியில் வரும் காற்று பத்து மீட்டர் உயரத்துக்கானது. தலை உயரத்தில் நீங்கள் அளந்தால் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதனால் கணிப்பு தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். கையடக்கக் காற்றுமானி ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கிறது. வீடு, சவுக்கு, மணல்மேடு எதுவும் மறைக்காத இடத்தில், கையை நீட்டி, காற்றைப் பார்த்து, இரண்டு நிமிடமாவது பிடியுங்கள். குறைந்தது, கூடியது, சராசரி மூன்றையும் குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் செயலி சொன்ன எண்ணையும் எழுதுங்கள். இரண்டு வாரம் எழுதினால் ஓர் ஒழுங்கு தெரியும். பிற்பகலில் கடற்காற்றும் பருவக்காற்றும் ஒன்றன் மேல் ஒன்று சேரும்போது என் கரையில் செயலி சொல்வதைவிட எப்போதும் கூடுதலாகவே வீசும். உங்கள் கரைக்கு வேறு மாதிரி வரலாம். அந்தக் குறிப்பேடு எந்தக் கட்டணச் செயலியையும்விட மதிப்புள்ளது.

காற்றுமானி இல்லாவிட்டாலும் பார்க்கத் தெரிந்தால் போதும். கடலில் அங்கங்கே வெள்ளை நுரை தலைகாட்டத் தொடங்கினால் காற்று 7 முதல் 10 நாட். எங்கும் நிறைய நுரை என்றால் 11 முதல் 16. நீளமான அலைகளாகி, அவற்றில் நுரை நிறைந்து, துளி தெறிக்கத் தொடங்கினால் 17-க்கு மேல். நங்கூரம் போட்டு நிற்கும் வள்ளங்களைப் பாருங்கள். ஒற்றைக் கயிற்றில் நிற்கும் வள்ளம் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி நிற்கும். எல்லா வள்ளமும் ஒரு பக்கம் பார்க்க, அவற்றின் கொடிகள் மட்டும் நேர் பின்பக்கம் பறக்காமல் குறுக்கே பறந்தால், அடியில் நீரோட்டம் காற்றுக்குக் குறுக்கே ஓடுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட நாளில் கயாக்கில் போகாதீர்கள். நீங்கள் நினைக்கும் இடத்தில் கரையேற முடியாது.

பிறகு கரையில் இருப்பவர்களிடம் பேசுங்கள். எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். "அண்ணே, கடலுக்குப் போகலாமா?" என்றால் "போங்க தம்பி" என்றுதான் பதில் வரும். அவர்கள் போவார்கள், அவர்களுக்கு அது தினசரி வேலை. "அண்ணே, கச்சான் எத்தனை மணிக்கு ஏறும்? இன்னைக்கு நீரோட்டம் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். அப்போது வலையிலிருந்து கையை எடுத்து, நிமிர்ந்து கடலைப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். "பத்து மணிக்கு மேல ஏறிரும், அதுக்குள்ள வந்துருங்க" என்று ஒருவர் சொன்னால், ஒன்பதரைக்குக் கரையில் இருங்கள். வலை உலர்த்தும் இடத்தில் உங்கள் பட்டத்தை விரிக்காதீர்கள், கயிற்றை மிதிக்காதீர்கள். நாளைக்கு உங்களைத் தேடி வரப்போவது அந்த வள்ளம்தான்.

8. காற்றுக் கணிப்பில் வராத இரண்டு

முதலாவது இடிமழைக் காற்று. மாறும் காலத்தின் பிற்பகலில் நிலத்தின் மேல் கருமேகம் கட்டும். மழைக்குச் சில நிமிடம் முன்னால் குளிர்ந்த காற்று ஒரேயடியாகத் திசை மாறி இறங்கும். 8 நாட் வேகத்திலிருந்து 30 நாட் வேகத்துக்குத் தாவ அதற்குக் கண்சிமிட்டும் நேரம் போதும். பெரிய கட்டத்தில் ஓடும் கணக்கில் இது அகப்படாது. வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக அடுத்த மூன்று மணி நேரத்துக்கு விடும் முன்னறிவிப்பையும் காரைக்கால் ரேடார் படத்தையும் பாருங்கள். ரேடார் ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் தாழ்வான மேகத்தைத் தவறவிடலாம். இடி காதில் விழுந்தால் பட்டத்தை இறக்கிவிட்டுக் கரையேறுங்கள். மின்னலுக்கு தாமினி செயலி உதவும்.

இரண்டாவது கள்ளக்கடல். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த நீண்ட அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரைக்கு வந்து சேரும். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். காற்று அமைதி, வானம் தெளிவு, செயலியில் எல்லாமே பச்சை. 2024 மே மாதம் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த சமயத்தில் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோய்விட்டது. நினைக்கவே நெஞ்சு கனக்கிறது. காற்றைப் பார்க்கப் பழகியவர்களே இதில் ஏமாறுவார்கள் என்பதால் சொல்கிறேன்: அலை உயரத்தோடு அலை இடைவெளியையும் (ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட நேரம்) பாருங்கள். அது 15 நொடிக்கு மேல் போய், இன்காய்ஸ் எச்சரிக்கையும் இருந்தால், தென்கரையில் முழங்கால் தண்ணீரிலும் நிற்க வேண்டாம்.

9. எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்

கணிப்புகள் இலவசம். காற்றுமானிக்கு ஒரு சிறு தொகை. மிச்சம் பிடிக்கக் கூடாத பொருள் மிதவை அங்கி. உங்கள் எடைக்குப் பொருந்துகிறதா என்று தண்ணீரில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஒரு விசில், தண்ணீர் புகாத போன் உறை இரண்டும் சேர்த்து ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். பயிற்சிக் கட்டணத்தில் மீட்புப் படகு அடங்குமா, அந்தப் படகு கரையில் தயாராக நிற்குமா என்று கேளுங்கள். போன் செய்தால் வரும் என்பது பதில் ஆகாது. முதல் பருவத்திலேயே சொந்தமாகப் பட்டமும் பலகையும் வாங்க வேண்டாம். உங்கள் எடைக்கும் இந்தக் கரையின் காற்றுக்கும் எந்த அளவு என்பது குறிப்பேடு நிறைந்த பிறகுதான் தெரியும்.

10. இறங்குவதற்கு முன்

கரையில் ஒருவரிடம் நான்கு விவரம் எழுதிக் கொடுங்கள்: எத்தனை பேர், என்ன நிறப் பட்டம் அல்லது படகு, எந்த இடத்தில் இறங்கினோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம். சொன்ன நேரம் தாண்டி அரை மணி ஆனால் அவர் அழைக்க வேண்டிய எண்களையும் அதே தாளில் எழுதுங்கள். இந்தியக் கடலோரக் காவல் படை 1554. கடலோரக் காவல் போலீஸ் 1093. பொது அவசர எண் 112. தனுஷ்கோடிப் பக்கம் போன் சிக்னல் மங்கும், சில சமயம் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். போனில் தானியங்கித் தேர்வை அணைத்துவிட்டு உங்கள் நிறுவனத்தின் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். தாளை வாங்கிக்கொள்பவர் சிக்னல் கிடைக்கும் இடத்தில் இருக்கட்டும்.

கடலில் காற்று கைமீறினால் கயாக்கையோ பலகையையோ விட்டு நீந்தாதீர்கள். மிதக்கும் பொருளோடு இருப்பவரைக் கண்டுபிடிப்பது சுலபம், தலை மட்டும் தெரிபவரை அலைக்கு நடுவே கண்டுபிடிப்பது மிகக் கடினம். திரும்பி வந்ததும் தாளை வைத்திருப்பவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பத்திரமாகக் கரையேறியவரைத் தேடி ஒரு வள்ளம் கடலுக்குப் போகும்.